கொடி நட்ட இடமெல்லாம்

அத்தியாயம் ஆறு

காணாமல் போனவை மொத்தம் முப்பத்தொன்பது முட்டைகள். உடைத்து ஊற்றினால் ஒரு குடும்பத்துக்கு ஒருவேளை ஆம்லெட் தேறும், அவ்வளவுதான். இதற்காகக் கத்திரி வெயிலில், அதுவும் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, செங்கல்பட்டிலிருந்து பாலாற்று முகத்துவாரம் வரை ஸ்கூட்டர் ஓட்ட வேண்டுமா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

“இன்னா மேடம், கோழிக்குத் தெரிஞ்சா சிரிக்காதா?”

“கோழி முட்டை இல்ல ஆல்வின், ஆலா முட்டை. ரோட்டைப் பாத்து ஓட்டு” என்று பின்சீட்டிலிருந்து பதில் வந்தது.

பின்சீட்டில் இருந்தவர் சங்கரி மேடம். செங்கல்பட்டு ஜங்ஷனில் இருபத்திரண்டு வருஷம் டிக்கெட் பரிசோதகர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருக்கிறார். பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரிக்கிற வேலைதான். நான் ஆல்வின். மறைமலைநகரில் கார் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் ஒன்பது வருஷம் ஒரே போல்ட்டை முறுக்கினவன். ஆள் குறைப்பில் வெளியே வந்ததும் மேடத்திடம் சேர்ந்துவிட்டேன். ஸ்கூட்டர் ஓட்டுவது, வாய் பேசுவது, இரண்டும் என் வேலை. முதல் வேலைக்கு மட்டும்தான் சம்பளம் என்பார் மேடம்.

வாயலூர் தாண்டி, தார் ரோடு தேய்ந்து மணலாகிற இடத்தில் குடையும் பைனாகுலருமாக நின்றிருந்தார் ராஜகோபாலன். எங்களை வரச் சொன்னவர் அவர்தான். வயது அறுபத்தாறு. அணுமின் நிலைய ஊழியர்களுக்கான அணுபுரம் குடியிருப்பில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்று, இப்போது திருக்கழுக்குன்றத்தில் சொந்த வீட்டில் இருக்கிறார். ‘பாலாற்றுக் கரை இயற்கை நண்பர்கள்’ என்கிற தன்னார்வக் குழுவுக்குத் தலைவர். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், முந்தின நாளோடு முடிந்துபோன சீசன் டிக்கெட்டோடு வந்தவரைப் பிடித்து மேடம் அபராதம் போட்டிருக்கிறார். அன்றிலிருந்து மேடத்தின் மேல் அவருக்கு அபார மரியாதை.

“பதினோரு மணிக்குக் கூட்டம். அதுக்குள்ள நீங்க ஏதாவது ஒண்ணு சொல்லியாகணும்” என்று சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். “வனத்துறைக்குப் புகார் எழுதியாச்சு. பேரும் போட்டாச்சு. கையெழுத்துதான் பாக்கி. கை வரமாட்டேங்கறது.”

“யார் பேரு?”

“ஞானதாஸ். எங்க குழுவுலயே அவன் மாதிரி ஒருத்தன் கிடையாது. அதான் தாங்கலை.”

வலை வைக்கிற ஓலைக் கொட்டகை ஒன்று அங்கே இருந்தது. அதன் நிழலில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். எதிரே ஆறும் கடலும் சேர்கிற மணல்வெளி. அதன் மேல் புறாவில் பாதி உடம்பும் கத்தி மாதிரி இறக்கையுமாக வெள்ளைப் பறவைகள் கீச்சிட்டுக்கொண்டிருந்தன.

“சின்ன ஆலா. கூடுன்னு ஒண்ணும் கட்டாது. மணல்ல லேசா ஒரு குழி, அதுல ரெண்டோ மூணோ முட்டை. முட்டையும் மணல் நிறம். மிதிச்சப்புறம்தான் தெரியும். போன வருஷம் மணல் பைக் ஓட்டற பசங்க ஒரே சாயந்தரத்துல பதினோரு கூட்டை நசுக்கிட்டா. இந்த வருஷம் ஒவ்வொரு கூட்டுக்கும் பக்கத்துல ஒரு மூங்கில் குச்சி, ஆரஞ்சுத் துணி. தூரத்துலேர்ந்தே தெரியும். பைக்குக்காரனும் ஒதுங்கிப் போறான். ஒரு கூடுகூட நசுங்கலை.”

“அப்புறம் என்ன?”

“கொடி இருக்கு, குழி இருக்கு, முட்டை இல்லை. பதினேழு கூடும் காலி.”

பறவை பயந்து எழுந்துவிடும் என்பதால் குழுவில் யாரும் கூட்டுக்குப் பக்கத்தில் போகக் கூடாது என்பது விதி. கூட்டைத் தேடுவதும் கொடி நடுவதும் ஞானதாஸ் மட்டும்தான். அவர் கண்ணுக்கு மட்டும்தான் அந்த முட்டை தெரியும். ஆகவே முட்டை போன பிறகு பார்த்தபோது ஒவ்வொரு கூட்டின் பக்கத்திலும் இருந்தது ஒரே ஆளின் கால் தடம்.

“அது மட்டும் இல்லை மேடம்” என்றாள் பக்கத்தில் நின்ற ரக்ஷா. கல்லூரியில் படிக்கிற பெண், குழுவின் செயலாளர். செல்போனை நீட்டினாள். அதில் உடைந்த முட்டை ஓட்டின் படம். “வியாழக்கிழமை எடுத்தேன். அவர் வீட்டு வாசல்ல கெடந்துச்சு.”

“அப்போ கேஸ் முடிஞ்சுது. மேடம், கெளம்பலாமா?” என்றேன்.

மேடம் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ரெஜிஸ்டர் ஏதாவது இருக்கா?” என்று ராஜகோபாலனைக் கேட்டார்.

இருக்குமா என்று ஒரு கேள்வியா? முப்பது வருஷம் மத்திய சர்க்கார் வேலை பார்த்தவர். கூடு எண், கொடி நட்ட தேதி, முட்டை காணாமல் போன தேதி, காற்றின் திசை எல்லாம் சிவப்புக் கோடு போட்டு எழுதியிருந்தார். மேடம் ரிசர்வேஷன் சார்ட்டைப் பார்க்கிற மாதிரி விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். கடைசி வரியில் விரல் நின்றது. மறுபடி முதல் வரிக்குப் போனது.

“ஞானதாஸ் வீடு எங்க?”

கூப்பிடு தூரம்தான். மணல் முடிகிற இடத்தில் இருந்த காலனியில் கடைசி வீடு. வாசலில் ஒரு பெரிய பூவரச மரம். அதன் கீழே உட்கார்ந்து ஒருவர் மூங்கில் குச்சியைச் சீவிக்கொண்டிருந்தார். ஐம்பத்து நாலு வயது, நரைத்த மீசை. அணுபுரத்தில் காண்டிராக்ட் தோட்டக்காரர். விடுமுறை நாளெல்லாம் இந்த மணலில்தான் கிடப்பாராம். எங்களைப் பார்த்ததும் எழுந்தார், ஆனால் வணக்கம் சொல்லவில்லை.

“நான் எடுக்கல. அதுக்கு மேல இன்னா சொல்றது?”

“நான் இன்னும் கேக்கவே இல்லையே” என்றார் மேடம்.

“கேக்கத்தான வந்துகினு கீறீங்க. கேளுங்க. போலீஸையும் இட்டுகினு வாங்க. வேலைக்கு உள்ள போற கேட் பாஸுக்கு வருசா வருசம் போலீஸ் சர்டிபிகேட் குடுக்கணும். கேஸுன்னு ஒண்ணு விழுந்தா பாஸ் போச்சு, பாஸ் போனா வேலை போச்சு. இந்த வயசுல எவன் குடுப்பான் எனக்கு வேலை?”

மேடம் என் பக்கம் லேசாகத் திரும்பினார். அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும். டிக்கெட் இல்லாதவன் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான், டிக்கெட் இருக்கிறவன்தான் சிடுசிடுப்பான் என்பது அவருடைய இருபத்திரண்டு வருஷப் பாடம். ஞானதாஸ் சிடுசிடுத்தார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி பாப்பா வந்தார். கையில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழ். “இத்தப் பாருங்க. இந்த மாசம்தான் குடுத்தாங்க. சால்வையும் போத்துனாங்க. இப்போ அதே வாயால திருடன்றாங்க. இது நாயமா?”

நான் வாங்கிப் படித்தேன். ‘கொடித் திட்டத்தை உருவாக்கிய சிறந்த தன்னார்வலர் திரு. ஞானதாஸ் அவர்களுக்கு’ என்றிருந்தது.

“கொடி உங்க யோசனையா?” மேடம் ஞானதாஸைக் கேட்டார்.

முதல் தடவையாக அந்த முகம் இளகியது. “ஆமா மேடம். போன வருசம் பைக்கு ஏறின அன்னிக்கு நான்தான் பொறுக்கினேன். ஓட்டுக்குள்ள குஞ்சு முழுசா இருந்துச்சு. கண்ணுகூட வந்துடுச்சு. ரெண்டு நாள் சோறு எறங்கல. இந்த வருசம் இன்னா ஆனாலும் ஒண்ணு சாவக் கூடாதுன்னு யோசிச்சு யோசிச்சுதான் இந்தக் கொடி.”

“என் கிறிஸ்மஸ் சேலை” என்றார் பாப்பா. “இஸ்திரி போடச் சொல்ல தீஞ்சுடுச்சு. அத்தக் கிழிச்சுதான் பதினேழு கொடி. அதோட துணி தீந்துடுச்சு.”

என் காலடியில் ஏதோ நொறுங்கியது. மணல் நிறத்தில், கரும்புள்ளியோடு, முட்டை ஓட்டின் துண்டு. கேஸ் மறுபடி முடிந்துவிட்டது என்று நினைத்தேன். எல்லாரும் தரையைப் பார்த்தோம். மேடம் மட்டும் மேலே பூவரசைப் பார்த்தார்.

மரத்தில் ஒரு காக்கா உட்கார்ந்திருந்தது. வலது இறக்கையில் ஒரே ஒரு இறகு வெளுத்துப்போயிருந்தது. அது சாவகாசமாகக் கீழ்க்கிளைக்கு இறங்கி, ஞானதாஸ் சீவி வைத்திருந்த குச்சிகளைத் தலை சாய்த்துப் பார்த்தது.

“இது யாரு, உங்க குழுவோட துணைத் தலைவரா? டயத்துக்குக் கூட்டத்துக்கு வந்துட்டாரே” என்றேன்.

“அது டெய்லி வரும்” என்றார் பாப்பா. “இவரு எங்கே போனாலும் பின்னாடியே போவும். நாய் வளத்தாகூட இப்படி வராது.”

மேடம் மரத்திலிருந்து கண்ணை எடுத்தார். “மணலைப் பாக்கணும். வாங்க ஞானதாஸ்” என்று நடந்தார்.

செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார் ஞானதாஸ். ஒன்பது மணிக்கே மணல் சுட்டது. ஆலாக்கள் தலைக்கு மேலே வந்து கத்தித் தீர்த்தன. ஒன்று என் மண்டையில் சரியாகக் குறி பார்த்து எச்சம் போட்டது. துடைத்துக்கொண்டே ஒரு எட்டு பின்னால் வைத்தேன்.

“இன்னொரு கால வெக்காத!” ஞானதாஸ் போட்ட சத்தத்தில் நான் ஒற்றைக் காலில் கொக்காக நின்றேன். என் குதிகாலுக்கு நாலு விரற்கடை தள்ளி ஒரு குழி. அதில் இரண்டு முட்டைகள். குனிந்து பார்த்த பிறகும் அவை முட்டைதானா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. பக்கத்தில் கொடி இல்லை.

“இது ரெஜிஸ்டர்ல இல்லையே” என்றார் மேடம் மெதுவாக.

ஞானதாஸின் முகம் கறுத்தது. “யாருக்கும் சொல்லாதீங்க மேடம்.”

“ஏன் எழுதல?”

“போன ஞாயித்துக்கெழமைதான் பாத்தேன். துணி தீந்துடுச்சு, கொடி நடல. அப்புறம் யோசிச்சேன். கொடிக்கு அடியில முட்டை கீதுன்னு ரெஜிஸ்டரைப் பாக்கறவங்களுக்குத்தான் தெரியும். திருடன் வெளிய இல்ல, குழுவுக்குள்ளதான் கீறான்னு தோணிச்சு. அதான் மறைச்சுட்டேன். இது ஒண்ணாவது பொழைக்கட்டும்.”

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. கடைசியில் ஒரு நல்ல துப்பு! பதினேழு போய்விட்டது, பதினெட்டாவதை ஒளித்து வைத்திருக்கிறான் இந்த ஆள். மேடத்தின் காதில் போட்டேன். மேடம் என்னைப் பார்த்த பார்வையில் அந்த வெயிலிலும் எனக்குக் குளிர் எடுத்தது.

“ஆல்வின், சூட்கேஸ் திருடறவன் ரயில்ல எல்லா பெர்த்தையும் தேடுவானா?”

“மாட்டான்.”

“என்ன செய்வான்?”

“நீங்க வாசல்ல ஒட்டற சார்ட்டைப் படிப்பான். எவன் எங்கே எறங்குவான்னு நீங்கதான் அழகா எழுதி ஒட்டி வெச்சிருப்பீங்களே.”

“அதேதான். போய் காலி கூட்டுக் கொடியில மூணு பிடுங்கிட்டு வா” என்றார். குரலில் கண்டுபிடித்த சந்தோஷம் இல்லை, அது எனக்கு வினோதமாகப் பட்டது. வழக்கமாக இந்த நேரத்தில் மேடம் ஒரு டீ கேட்பார்.

பத்தே காலுக்கு எல்லாரையும் ஓலைக் கொட்டகையில் உட்காரவைத்தார். ராஜகோபாலன், ரக்ஷா, ஞானதாஸ், நான். எதிரே, முட்டையோ குழியோ எதுவுமே இல்லாத வெறும் மணலில், பத்து அடிக்கு ஒன்றாக மூன்று கொடிகளை நான் நட்டுவிட்டு வந்திருந்தேன்.

“சார், உங்க ரெஜிஸ்டர் ரொம்ப நல்ல ரெஜிஸ்டர்” என்று ஆரம்பித்தார் மேடம். “முதல் அஞ்சு கூடு, கொடி நட்டப்புறம் ஒன்பது நாள் தாங்கியிருக்கு. அடுத்த ஆறும் மூணு நாள். கடைசி ஆறும் ஒரு நாள்கூடத் தாங்கல. இதுக்கு என்ன அர்த்தம்?”

“திருடனுக்குப் பேராசை ஜாஸ்தியாயிடுத்து.”

“இல்ல. திருடன் கத்துக்கிட்டிருக்கான். முதல்ல அவனுக்குக் கொடின்னா என்னன்னு தெரியல. ஒரு தடவை தற்செயலா ஆப்ட்டிருக்கும். அப்புறம் ரெண்டாவது கொடி, மூணாவது கொடின்னு பாத்து, கொடி இருந்தா முட்டை இருக்கும்னு புரிஞ்சுக்கிட்டான். நட்டவருக்கே அதைக் கத்துக்க ஒன்பது நாள் ஆகுமா? ஞானதாஸ் திருடனா இருந்தா முதல் நாளே எடுத்திருப்பார்.”

ஞானதாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாலு நாளாக அவர் முதுகில் இருந்த சுமையை யாரோ இறக்கி வைத்ததை நான் கண்ணால் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தோடு கதை முடிந்திருக்கலாம்.

“அப்போ யாரு மேடம்?” என்றாள் ரக்ஷா.

“பொறு. வருவான்.”

ஆறு நிமிஷம் ஆனது. பூவரச மரத்துப் பக்கமிருந்து ஒரு காக்கா வந்து, முதல் கொடியின் கீழே இறங்கியது. வலது இறக்கையில் ஒரு வெள்ளை இறகு. ஆலாக்கள் பத்துப் பதினைந்து சேர்ந்து கத்திக்கொண்டு அதன் தலையில் பாய்ந்தன. அது கண்டுகொள்ளவே இல்லை. குச்சியைச் சுற்றி ஒரு வட்டம் நடந்தது. அலகால் மணலைக் கிளறியது. ஒன்றும் இல்லை. நிமிர்ந்து பார்த்து, நேராக இரண்டாவது கொடிக்கு நடந்தது. அங்கேயும் ஒரு வட்டம். பிறகு மூன்றாவது. பறக்கக்கூட இல்லை, ரேஷன் கடைக்குப் போகிறவர் மாதிரி நடந்தே போனது. பழைய மீன் ஏலக் கூடத்துக் கம்பத்தில் இன்னும் இரண்டு காக்காக்கள் உட்கார்ந்து இதைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தன.

“அடப் பாவி!” என்றேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “முட்டைக்கு அட்ரஸ் எழுதி போர்டு வெச்சு, விருந்துக்குக் கூப்பிட்டிருக்கோம் மேடம்!”

வேறு யாரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் ஞானதாஸின் முகத்தைப் பார்த்தேன். என் நாக்கை அறுத்துப் போட்டிருக்கலாம் போல இருந்தது.

ராஜகோபாலன் புகாரை எடுத்து நாலாகக் கிழித்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. “ஞானதாஸ், என்னை மன்னிச்சுடுப்பா. உன் மேல ஒரு தப்பும் இல்லை. காக்கா பண்ணினதுக்கு யார் என்ன செய்ய முடியும்? ரெஜிஸ்டர்ல இப்பவே எழுதிடறேன். காரணம், காகம்.”

“அப்படி எழுதாத சார்.”

“பின்ன?”

“கொடின்னு எழுது.”

ஞானதாஸ் மணலையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலால் எதையோ எண்ணினார். பதினேழு வரை எண்ணியிருப்பார் என்று நினைக்கிறேன்.

“ஒவ்வொண்ணா நான்தான காட்டிக் குடுத்தேன்” என்றார். “அது என் பின்னாடியே வரச் சொல்ல, பாசத்துல வருதுன்னு நெனச்சேன். போன வாரம் ஒரு நாள் அதுக்கு என் டிபன்லேர்ந்து இட்லிகூட போட்டேன் மேடம்.” விரலில் ஒட்டிய மணலைத் தட்டினார். “நீங்க நான்தான் திருடன்னே சொல்லிட்டுப் போயிருக்கலாம். எடுக்கலன்றது எனக்காவது தெரிஞ்சிருக்கும்.”

டிக்கெட் இல்லாத ஆயிரம் பேரைப் பிடித்து இறக்கியவர், ஆயிரம் சாக்குக்கும் பதில் வைத்திருந்தவர், மேடம் அன்றைக்குச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

நான்தான் பொறுக்காமல் ஆரம்பித்தேன். “சரி, இன்னும் ஒரு கூடு கீதுல்ல? அத்தக் காப்பாத்துவோம். காக்காவ ஏமாத்தலாம். வெறும் எடத்துல நூறு கொடி நட்டுட்டா?”

“நூறையும் தேடும். அதுக்கு வேற வேலை என்ன? தேடிட்டு நடக்கும்போது கொடி இல்லாத கூட்டையும் பாத்துடும்” என்றாள் ரக்ஷா.

“நான் காவலுக்கு உக்காரறேன். குடை புடிச்சுகினு.”

“நாம பக்கத்துல இருந்தா ஆலா முட்டை மேல வந்து உக்காராது ஆல்வின். இந்த வெயில்ல கால் மணி நேரம் போதும், முட்டை உள்ளேயே வெந்துடும்” என்றார் ராஜகோபாலன்.

“அந்தக் காக்காவப் புடிச்சுட்டா?”

ரக்ஷா கம்பத்தைக் காட்டினாள். இரண்டாக இருந்தது இப்போது நாலாகியிருந்தது.

“கொடிய எடுத்துட்டா?”

அன்று ஞாயிற்றுக்கிழமை. சாயந்தரம் மணல் பைக் வரும். கொடி இல்லாத மணலில் எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? வெளியூர்ப் பசங்கள், தினம் வேறு வேறு ஆள். சொல்லிப் பார்க்கலாம்தான், போன வருஷமும் சொல்லித்தான் பார்த்தார்களாம்.

“அந்தக் கூட்டுக்கு இன்னும் எத்தனை நாள்?” என்றார் மேடம்.

“பதினாலு” என்றார் ஞானதாஸ்.

“பதினாலு நாள் நீங்க இந்தப் பக்கம் வரக் கூடாது ஞானதாஸ். யாருமே வரக் கூடாது. உங்களைத்தான் அதுங்க பாக்குதுங்க. நீங்க எங்க குனிஞ்சாலும் வந்து தேடும்.” மேடம் வெறும் மணலில் நின்ற மூன்று கொடிகளைப் பார்த்தார். “எனக்குக் கண்டுபிடிக்கத்தான் தெரியும். இதுக்கு என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியல.”

நாலு வருஷமாகக் குடும்பத்தை விட்டு, ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தைக்கூட விட்டு இங்கேயே கிடந்த மனிதருக்கு, நீ செய்யக்கூடிய ஒரே உதவி வராமல் இருப்பதுதான் என்று சொன்னால் எப்படி இருக்கும்? அவர் தலையை மட்டும் ஆட்டினார். எழுந்து போய் பதினேழு குச்சிகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பதினெட்டாவது கூடு இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை. கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடியே வந்தார். குச்சிகளைக் கட்டாகக் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

நாங்களும் பின்னால் போனோம். பாதி வழியில் மேடம் என் கையைத் தொட்டார். மேலே பார்த்தேன். கரண்ட் கம்பத்தில் அந்தக் காக்கா. ஞானதாஸ் அடுத்த கம்பத்தைத் தாண்டியதும் அதுவும் அடுத்த கம்பத்துக்கு வந்தது. இப்படியே கம்பம் கம்பமாக வீடு வரை வந்து, பூவரசில் உட்கார்ந்து, தோளில் இருந்த ஆரஞ்சுத் துணிகளையே பார்த்தது. எங்கே நடப்போகிறார் என்று பார்த்தது.

“இன்னா ஆச்சு? திருடன் இல்லன்னு சொல்ட்டாங்களா?” பாப்பா ஓடி வந்தார்.

“சொல்ட்டாங்க.”

“ஆண்டவரே, ஸ்தோத்திரம்!” என்று அவர் கையைக் கூப்பினார். பிறகுதான் புருஷனின் முகத்தைப் பார்த்தார். “அப்புறம் ஏன்யா இப்படிக் கீற?”

ஞானதாஸ் குச்சிக் கட்டைச் சுவரில் சாய்த்து வைத்தார். வைத்த மறு நிமிஷமே காக்கா இறங்கிவிட்டது. கட்டின் அடியில் மண்ணைக் கிளறியது. அவர் விரட்டவில்லை. ஒரு கல்லைக்கூட எடுக்கவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார்.

“பாப்பா, வூட்டுல முட்டை கீதா?”

“நாலு கீது. சாயந்தரம் கொழம்புக்கு வெச்சுகினு கீறேன்.”

“ஒண்ணு எடுத்தா.”

பாப்பா ஒன்றும் புரியாமல் எடுத்து வந்தார். ஞானதாஸ் கட்டிலிருந்து ஒரு குச்சியை உருவி, வாசல் மண்ணில் நட்டார். அதன் அடியில் விரலால் ஒரு சின்னக் குழி பறித்தார். கோழி முட்டையை அதில் வைத்துவிட்டு நாலடி பின்னால் வந்தார்.

“இன்னாயா இது?”

“பதினாலு நாளு டெய்லி ஒண்ணு வை. அது இங்கேயே தின்னட்டும். அங்கே போவாம இருந்தா போதும்.”

இது வேலை செய்யுமா என்று நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் உதட்டைப் பிதுக்கினார். ஏலக் கூடத்துக் கம்பத்தில் இருந்த நாலு காக்காக்களுக்கு யார் முட்டை வைப்பது?

வெள்ளை இறகுக்காரன் தயங்கவே இல்லை. குச்சியைச் சுற்றி ஒரு வட்டம் நடந்தது, ஒரே கொத்து கொத்தியது. மஞ்சள் கரு மண்ணில் வழிந்தது. ஞானதாஸ் அது தின்று முடிக்கிற வரை இமைக்காமல் பார்த்தார்.

நான் காலையில் அந்த வாசலிலேயே விட்டிருந்த ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்யப் போனேன். சாவியைத் திருப்புவதற்குள் கடல் பக்கமிருந்து வேறொரு வண்டிச் சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொன்று. சாயந்தரம் என்றார்களே, மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. லீவு விட்டிருக்கிறார்கள், சீக்கிரமே வந்துவிட்டார்கள். மணல் பைக்குகள்.

ஞானதாஸ் சட்டென்று சத்தம் வந்த பக்கம் திரும்பினார். தெருப் பக்கம் ஓடப் பார்த்தார். போகிற வேகத்தில் அவர் கை தானாகவே சுவரில் சாய்ந்திருந்த கட்டுக்குப் போய் ஒரு கொடியைப் பிடித்தது.

காக்கா தின்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கியது.

அவர் அதைப் பார்த்தார். கொடியைப் பிடித்த கையை எடுக்கவும் இல்லை, கொடியை உருவவும் இல்லை. நாங்கள் தெரு முனையில் திரும்புகிற வரைக்கும் அப்படியேதான் நின்றிருந்தார்.